ஹ்னாட்டிஷின் என்னும் பெயர்



ரயில்வேயில் குமாஸ்தாவாக உட்கார்ந்தவனுக்கு ஊர்ப்பெயர்களின்மீது ஒரு தனிப் பற்று உண்டாகிவிடும். பார்சல் சீட்டிலும் பட்டியலிலும் நாள் முழுவதும் அவற்றையே எழுதிக்கொண்டிருப்பதனால், இந்தப் பெயர் எப்படி வந்திருக்கும் என்று எண்ணிப் பார்ப்பது அவனுக்கு ஒரு பொழுதுபோக்காகிவிடுகிறது. கனடா நாட்டின் சஸ்காச்செவன் மாகாணத்தில் கனோரா என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. கேட்பதற்கு இனிய பெயர். ஏதோ ஓர் ஆற்றின் பெயரோ, பழங்குடித் தலைவி ஒருத்தியின் பெயரோ என்றுதான் எண்ணத் தோன்றும். உண்மை அதுவன்று. 'கனடியன் நார்தர்ன் ரயில்வே' என்ற கம்பெனியின் பெயரிலுள்ள மூன்று சொற்களிலிருந்தும் அவர்களுடைய முதல் இரண்டிரண்டு எழுத்துக்களை எடுத்துக் கோத்தார்கள், கனோரா பிறந்துவிட்டது. கம்பெனி நொடித்துப்போய் 1918ல் அரசாங்கத்தின் கைக்கு வந்து, கனடியன் நேஷனல் ரயில்வேயோடு கலந்து மறைந்தும் போயிற்று. பெயர் மட்டும் அழியவில்லை.

இந்த மாதம் எழுத எடுத்துக்கொண்டது அந்த ஊரைப் பற்றியன்று. அந்த ஊரில் வந்து குடியேறிய ஓர் ஏழைக் குடும்பத்தின் பெயரைப் பற்றி. ஹ்னாட்டிஷின் என்பது அந்தப் பெயர். ஒருமுறை உரக்கச் சொல்லிப் பாருங்கள். நமக்கே நாக்குச் சற்றுத் தடுமாறுகிறதல்லவா? ஆங்கிலம் பேசும் கனடியருக்கு அது வரவே இல்லை. முதலெழுத்தை அப்படியே விழுங்கிவிட்டு 'நட்டிஷின்' என்று சொல்லத் தொடங்கினார்கள். கடைசிவரையில் அப்படியேதான் சொன்னார்கள்.

இதைப் பற்றி நான் எண்ணத் தொடங்கியதற்குக் காரணம் என் வீட்டுச் சங்கதி. என் மகனைப் பள்ளியில் சேர்க்கச் சென்றபோது, விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்றிருந்த கட்டத்தில் எதை எழுதுவது என்று தெரியாமல் திகைத்து நின்றேன். நமக்கு ஏது குடும்பப் பெயர்? தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு சரி. அங்கிருந்த எழுத்தர் பொறுமை இழந்து, என் தந்தையாரின் பெயரை முன்னும் பின்னும் வெட்டித் தம் வாய்க்கு வருகிற அளவில் எழுதிக்கொண்டார். அந்தப் பெயரால்தான் என் பிள்ளை இன்று வகுப்பில் அழைக்கப்படுகிறான். திருத்தம் கோரும் மனுவை எழுதி மூன்று மாதமாக மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். நம் சங்கத்து அன்பர்கள் பலருக்கும் இந்த அனுபவம் உண்டு என்பதனாலேயே இதைச் சொன்னேன். இனிக் கதைக்கு வருவோம்.

ஜான் ஹ்னாட்டிஷின் 1907ஆம் ஆண்டு புக்கோவினா நாட்டில் வாஷ்கிவ்ட்சி என்ற ஊரில் பிறந்தார். அந்தக் குடும்பப் பெயர் அமைந்த விதமே சுவையானது. உக்ரேனியர்களிடையே ஹ்னாட் என்பது ஆண்களுக்கு வைக்கும் பெயர். இக்னேஷியஸ் என்ற கிறிஸ்தவப் பெயரின் திரிபு. ஹ்னாட் என்பவனின் மனைவியை ஊரார் அவன் பெயரோடு ஒரு விகுதி சேர்த்து அழைப்பார்கள். அவளுடைய மக்கள் ஹ்னாட்டிஷின் ஆவார்கள். அதாவது, தந்தையின் வழியாக அல்லாமல் தாயின் வழியாக வந்த பெயர் அது. எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் குடும்பத்தைத் தாங்கி நின்ற ஒரு தாயின் நினைவு அந்தப் பெயருக்குள் இருந்திருக்க வேண்டும்.

அவர் பிறந்தபோது புக்கோவினா ஆஸ்திரியப் பேரரசுக்கு உட்பட்டிருந்தது. 1918ல் அது ருமேனியாவுக்குப் போயிற்று. இரண்டாம் உலகப் போரின்போது சோவியத் யூனியனுக்குப் போயிற்று. 1991 முதல் சுதந்திர உக்ரேனில் இருக்கிறது. ஊர் நகரவில்லை, ஆறு நகரவில்லை, நாடு மட்டும் பல தடவை மாறிவிட்டது. அந்த ஊரில் பிறந்தவன் ஒரு விண்ணப்பத்தில் 'பிறந்த நாடு' என்ற கட்டத்தில் எதை எழுதுவான்? பேரரசு இருந்த காலத்தில் 'ஆஸ்திரியா' என்றுதான் எழுத வேண்டும். அந்த ஒரு சொல் பின்னால் எவ்வளவு பெரிய இன்னலைக் கொண்டுவந்தது என்பதைச் சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன்.

குழந்தைக்கு ஒரு வயது நிறைவதற்குள்ளாகவே பெற்றோர் கனடாவுக்குப் புறப்பட்டார்கள். அக்காலத்தில் அப்படிப் புறப்பட்டவர்கள் ஒருவர் இருவர் அல்லர். 1891ல் கலீசியா நாட்டைச் சேர்ந்த இருவர் முதன்முதலாக நிலம் பார்த்துவரச் சென்றார்கள். அதிலிருந்து 1914ல் முதல் உலகப் போர் தொடங்கும்வரையில், ஏறத்தாழ 1,70,000 உக்ரேனியர்கள் கனடாவில் குடியேறினர். புக்கோவினாவிலும் கலீசியாவிலும் நிலம் தலைமுறைக்குத் தலைமுறை பங்கு பிரிந்து, ஒரு குடும்பத்துக்கு உழுது உண்ணவும் போதாத துண்டுகளாகிவிட்டிருந்தது. கனடாவிலோ 10 டாலர் கட்டணம் செலுத்தினால் 160 ஏக்கர். மூன்று ஆண்டுகள் குடியிருந்து, குறிப்பிட்ட அளவு நிலத்தைத் திருத்தி உழுதுவிட்டால் பட்டா கிடைக்கும். ஏழை உழவனுக்கு இது தேவலோகத்துச் செய்தியாகத் தோன்றியிருக்கும் என்பதில் ஐயமென்ன?

ஆனால் அந்த 160 ஏக்கர் யாருடையது என்பதையும் ஒரு வரி சொல்லாமல் போவது நியாயமாகாது. கனோரா இருக்கும் பகுதி, 1874ல் அந்த மண்ணின் பழங்குடி மக்களோடு பிரிட்டிஷ் அரசியின் பெயரால் செய்துகொண்ட நான்காவது உடன்படிக்கையின் எல்லைக்குள் அடங்கியது. ஒருவர் வெளியேற்றப்பட்ட இடத்தில் மற்றொருவர் குடியேறினார். குடியேறிய ஏழைக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை.

துறைமுகத்தில் இறங்கிய குடியேறிகளை மேற்கே கொண்டுசெல்வதற்கென்று தனி ரயில் பெட்டிகள் இருந்தன. 'காலனிஸ்ட் கார்' என்பது அவற்றின் பெயர். மரச்சட்டங்கள் அடித்த இருக்கைகள், மெத்தை கிடையாது. இரவில் எதிரெதிர் இருக்கைகளை இழுத்துச் சேர்த்தால் அதுவே படுக்கை. பெட்டியின் ஒரு கோடியில் அடுப்பு. அதில் வரிசை போட்டுக் கஞ்சியும் தேநீரும் காய்ச்சிக்கொள்ள வேண்டும். நம் நாட்டுப் பழைய மூன்றாம் வகுப்பைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. அடுப்பு ஒன்றுதான் அதிகம். நாட்கணக்கில் அப்படிப் பிரயாணம் செய்து, எங்கும் புல்லும் வானமுமான ஓரிடத்தில் இறங்குவார்கள். கனோராவைச் சுற்றிலும் இவ்வாறு இறங்கியவர்களுள் ஹ்னாட்டிஷின் குடும்பமும் ஒன்று.

1914ல் போர் வந்தது. ஆஸ்திரியா பிரிட்டனுக்கு எதிரி. கனடா பிரிட்டனின் கொடிக்குக் கீழ் இருந்த நாடு. எனவே 'ஆஸ்திரியா' என்று எழுதிக்கொடுத்தவர்களெல்லாம் ஒரே நாளில் எதிரி நாட்டார் ஆகிவிட்டனர். அந்த ஆஸ்திரியாவின் வறுமையிலிருந்து தப்பித்து வந்தவர்கள் இவர்கள் என்பதை எண்ணிப் பார்க்க ஒருவரும் இல்லை. ஏறத்தாழ 80,000 பேர் போலீஸாரிடம் பதிவு செய்துகொண்டு, குறித்த காலத்தில் நேரில் வந்து காட்டிக்கொள்ள வேண்டியதாயிற்று. 8,579 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களுள் 5,000க்கு மேற்பட்டோர் ஆஸ்திரியப் பிரஜைகள் என்று குறிக்கப்பட்டவர்கள். அவர்களிலும் பெரும்பாலோர் உக்ரேனியர். சாலை போடவும் காடு வெட்டவும் ரயில் பாதை வேலைக்கும் அவர்களைப் பயன்படுத்தினார்கள். சஸ்கட்டூன் நகருக்கு அருகில் ஈட்டன் என்ற ஒரு ரயில்வே சைடிங் இருந்தது. 1919 பிப்ரவரி இறுதியில், போர் முடிந்து மூன்று மாதம் கழிந்த பின்னரும், ஒரு கூட்டம் கைதிகளை அங்கே கொண்டுவந்து வைத்திருந்தார்கள். இன்று அதே இடத்தில் சஸ்காச்செவன் மாகாணத்து ரயில்வே பொருட்காட்சிசாலை இருக்கிறது. பழைய எஞ்சின்களையும் பெட்டிகளையும் பார்க்கப் போகிறவர்கள் நிற்கிற மண் அது.

1917ல் மற்றோர் அடி விழுந்தது. எதிரி நாட்டில் பிறந்து, 1902 மார்ச் மாதத்துக்குப் பிறகு கனடியக் குடியுரிமை பெற்றவர்களின் வாக்குரிமையை ஒரு சட்டம் பறித்துக்கொண்டது. மகனோ சகோதரனோ படையில் இருந்தாலொழிய விலக்குக் கிடையாது. 1907ல் வந்த புக்கோவினாக்காரர் எவரும் அநேகமாக இந்த வலையிலிருந்து தப்பியிருக்க முடியாது. இச்சட்டத்தைக் கொண்டுவந்தவர் கன்சர்வேடிவ் கட்சியைச் சேர்ந்த பிரதம மந்திரி ராபர்ட் போர்டன். இந்தக் கட்சிப் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

போர் முடிந்தபோது ஜான் பதினொரு வயதுச் சிறுவன். இத்தகைய சூழ்நிலையில் வளர்ந்தவன் என்ன செய்திருக்கக்கூடும்? நிலத்தோடு நிலமாக ஒதுங்கியிருக்கலாம், கசப்பை வளர்த்துக்கொண்டிருக்கலாம். அவரோ படிக்கப் போனார். சஸ்காச்செவன் பல்கலைக்கழகம் சஸ்கட்டூன் நகரில் உள்ளது. அது நிறுவப்பட்டதும் 1907ஆம் ஆண்டில்தான், அவர் பிறந்த அதே ஆண்டில். அதே நகரில் உக்ரேனியக் குடியேறிகள் தங்கள் கைக்காசைப் போட்டு, பெட்ரோ மொஹிலா கழகம் என்ற மாணவர் விடுதி ஒன்றை 1916ல் தொடங்கியிருந்தார்கள். கிராமத்துப் பிள்ளைகள் நகரத்தில் தங்கிப் படிக்கவும், தாய்மொழியையும் தங்கள் பாட்டையும் வழிபாட்டையும் மறவாதிருக்கவும் ஏற்பட்ட இடம் அது. போர்க் காலத்தில், 'எதிரிகள்' என்று பெயர் வாங்கியிருந்த வேளையில், உழவர்கள் இதைச் செய்தார்கள் என்பதை நினைக்கும்போது, நம் சங்கத்தின் ஆண்டுச் சந்தாவை வசூலிக்க நான் படுகிற பாடு எனக்கு நினைவுக்கு வருகிறது.

ஜான் 1930களின் தொடக்கத்தில் வக்கீலானார். அதைவிடக் கெட்ட காலத்தை அவர் தேடினாலும் கண்டிருக்க முடியாது. வறட்சியும் புழுதிப் புயலும் ஒருபுறம். உலகப் பொருளாதார மந்தம் மறுபுறம். 1932ல் ஒரு புஷல் கோதுமை 40 சென்ட்டுக்கும் கீழே இறங்கிவிட்டது. கிழக்கு மாகாணத்து மக்கள் ஆப்பிளும் உப்புக் கருவாடும் கூட்ஸ் வண்டிகளில் ஏற்றி இலவசமாக அனுப்பிய காலம் அது. கருவாட்டைக் கண்டறியாத சமவெளி உழவர்கள் அதை என்ன செய்வது என்று தெரியாமல் விழித்ததாகச் சொல்வார்கள். அத்தகைய மக்கள் மத்தியில் அவர் சஸ்கட்டூனில் தொழில் நடத்தினார். மூத்த மகன் ரமோன் 1934ல் அங்கே பிறந்தான்.

இனி, நான் முன்னே சொன்ன முடிச்சு. அரசியலில் இறங்க விரும்பிய ஜான் ஹ்னாட்டிஷின் சேர்ந்த கட்சி எது தெரியுமா? கன்சர்வேடிவ் கட்சி! தம் மக்களின் வாக்கைப் பறித்த கட்சி. அவர்களை முகாம்களில் அடைத்த கட்சி. உக்ரேனியக் குடியேறிகளுக்கு லிபரல் கட்சியின் மேல்தான் நன்றி உணர்ச்சி. அவர்களைக் கனடாவுக்கு வரவேற்று நிலம் கொடுத்தது லிபரல் மந்திரிசபை. கன்சர்வேடிவ் என்ற சொல்லைக் கேட்டாலே பெரியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். கட்சிக்காரர்களுக்கோ இவரைப் போன்ற 'அந்நியர்' மீது பெரிய மதிப்பு ஒன்றும் இருந்ததாகச் சொல்வதற்கில்லை. 1920களின் இறுதியில் சஸ்காச்செவனில் கு க்ளக்ஸ் க்ளான் என்ற வெறிக்கூட்டமே கிளை பரப்பி, கத்தோலிக்கருக்கும் குடியேறிகளுக்கும் எதிராகக் கூட்டம் போட்டது. கன்சர்வேடிவ்கள் மாகாண ஆட்சியைப் பிடித்த 1929ஆம் வருஷத் தேர்தலில் அந்த வெறுப்பின் காற்றும் வீசிற்று. இரு பக்கமும் சந்தேகக் கண்கள். நடுவில் உச்சரிக்க வராத பெயரோடு ஒரு மனிதர்.

டொமினியன் தேர்தலில் நின்றார், தோற்றார். மறுபடியும் நின்றார், மறுபடியும் தோற்றார்.

ஏன் அந்தக் கட்சியைப் பிடித்துக்கொண்டிருந்தார்? அவர் எழுதிவைத்த விளக்கம் எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. ஆனால் ஒரு காரணம் வெளிப்படையாகத் தெரிகிறது. அது ஒரு நட்பு. அதே மாகாணத்தில் ஜான் டீஃபன்பேக்கர் என்ற வக்கீல் இருந்தார். 1919ல் வாகா என்ற சிற்றூரில், குடியேறிய உழவர்கள் நிறைந்த இடத்தில், தொழில் தொடங்கியவர். அவருடைய பெயரும் ஜெர்மானியப் பெயர். அதைக் காட்டிப் பரிகசிக்கப்பட்டவர். தோல்வியில் இவருக்கு மூத்தவர் எனலாம். 1925, 1926 பார்லிமெண்டுத் தேர்தல்களில் தோல்வி. 1929 மாகாணத் தேர்தலில் தோல்வி. 1933ல் நகரத் தலைவர் பதவிக்கு நின்று தோல்வி. 1938ல் மீண்டும் தோல்வி. 1940ல்தான் பார்லிமெண்டுக்குள் கால் வைத்தார். இந்த இருவரும் வாழ்நாள் முழுவதும் நண்பர்கள்.

டீஃபன்பேக்கர் பேரைச் சொன்ன பிறகு, ரயில்வேக்காரனாகிய நான் ஒரு சங்கதியைச் சொல்லாமல் விட்டால் என் சகாக்கள் மன்னிக்கமாட்டார்கள். 1950 நவம்பர் 21ஆம் தேதி, பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் கனூ ரிவர் என்ற இடத்தில், கொரியப் போருக்குச் சென்ற சிப்பாய்களை ஏற்றிய வண்டியும் எதிரே வந்த பிரயாணி வண்டியும் மோதிக்கொண்டன. 17 சிப்பாய்களும் எஞ்சின் சிப்பந்திகள் நால்வருமாக 21 பேர் மாண்டனர். வண்டிகள் எந்த ஸ்டேஷனில் ஒதுங்க வேண்டும் என்ற உத்தரவில் இரண்டு சொற்கள் விட்டுப்போயிருந்தன; அந்தப் பழி ஆதர்ட்டன் என்ற இளம் தந்தி குமாஸ்தாவின் தலையில் விழுந்தது. டீஃபன்பேக்கரின் மனைவி எட்னா அப்போது ரத்தப் புற்றுநோயால் மரணப் படுக்கையில் இருந்தார். அந்த அம்மாள் கணவரிடம் இந்த வழக்கை எடுத்து நடத்தும்படி கேட்டுக்கொண்டார். 1951 பிப்ரவரியில் அவர் காலமானார். மே மாதத்தில் ஆதர்ட்டன் விடுதலையானார். பெரிய நிர்வாகத்தை எதிர்த்துச் சிறிய குமாஸ்தாவுக்காக நின்ற ஒரு மனிதரிடம், குடியேறிகளின் வீட்டிலிருந்து வந்த ஒரு வக்கீல் அன்பு கொண்டதில் வியப்பென்ன?

1956ல் டீஃபன்பேக்கர் கட்சித் தலைவரானார். 1957ல் பிரதம மந்திரியானார். 1958 தேர்தலில் மொத்தம் 265 இடங்களில் 208 அவருடைய கட்சிக்கு. சஸ்காச்செவனின் 17 இடங்களில் 16. எந்தக் கட்சியின் பெயரைக் கேட்டு உக்ரேனியப் பெரியவர்கள் முகத்தைத் திருப்பினார்களோ, அந்தக் கட்சிக்கு அவர்களுடைய பிள்ளைகள் வரிசையாக நின்று வாக்களித்தார்கள். நாற்பது ஆண்டுக் கோபம் ஒரே தேர்தலில் கரைந்துவிடவில்லை. ஒவ்வொரு தேர்தலிலும் தோற்பதற்கென்றே நின்ற சிலர், கட்சியின் வாசற்படியில் காத்துக் கிடந்து, கதவை உள்ளேயிருந்து சிறிது சிறிதாகத் திறந்துவைத்தார்கள் என்பது என் எண்ணம்.

1957ல் மைக்கேல் ஸ்டார் தொழில் மந்திரியாக நியமிக்கப்பட்டார். டொமினியன் மந்திரிசபையில் அமர்ந்த முதல் உக்ரேனிய வம்சத்தவர் அவர்தாம். அவருடைய குடும்பத்தின் முழுப் பெயர் ஸ்டார்ச்செவ்ஸ்கி. வெட்டிச் சுருக்கி ஸ்டார் ஆயிற்று. இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. தொழிற்சாலை வாசலில் வேலைக்கு நின்ற தலைமுறையில் ஆயிரக்கணக்கானோர் அப்படிச் செய்துகொண்டார்கள். ஹ்னாட்டிஷின் செய்துகொள்ளவில்லை என்பதை மட்டும் குறிப்பிடுகிறேன். சுருக்கியிருந்தால் சில நூறு வாக்குகள் கூடியிருக்குமோ, என்னவோ!

1959ல் டீஃபன்பேக்கர் தம் நண்பரைச் செனட் சபைக்கு நியமிக்கச் செய்தார். கனடாவின் செனட் நம்முடைய ராஜ்ய சபையைப் போன்றதன்று. அங்கே தேர்தல் கிடையாது. பிரதம மந்திரியின் யோசனைப்படி கவர்னர் ஜெனரல் நியமிப்பார். அக்காலத்தில் பதவி ஆயுள் முழுவதற்கும். மக்கள் தேர்ந்தெடுக்காதவரை நண்பர் தூக்கி உட்காரவைத்தார் என்று சொல்லுபவர்களுக்கு என்னால் மறுமொழி சொல்ல முடியாது. நியமன சபைகளுக்கு என்றும் உள்ள குறை அது. எனினும், உக்ரேனிய மண்ணிலேயே பிறந்து கனடாவின் செனட்டில் அமர்ந்த முதல் மனிதர் அவர். அதற்கு நான்கு ஆண்டு முன்பு செனட்டரான வில்லியம் வால் உக்ரேனிய வம்சத்தவர். ஆனால் கனடாவில் பிறந்தவர். ஹ்னாட்டிஷின் அமர்வதற்கு முந்திய ஆண்டில், ஜேம்ஸ் கிளாட்ஸ்டன் என்ற பழங்குடித் தலைவரையும் டீஃபன்பேக்கர் செனட்டராக்கியிருந்தார். நிலத்துக்கு உரியவரின் இனமும், நிலம் பெற்றவரின் இனமும் ஒரே மண்டபத்தில் அமர்ந்தன.

இனம், பிறந்த நாடு, நிறம், மதம் இவற்றால் வேற்றுமை பாராட்டலாகாது என்ற உரிமைச் சட்டத்தை 1960ல் டீஃபன்பேக்கர் நிறைவேற்றினார். அதே ஆண்டு செப்டம்பர் 26ஆம் தேதி ஐக்கிய நாடுகள் சபையில், சோவியத் ஆட்சிக்கு உட்பட்டிருந்த உக்ரேனியரின் சுதந்திரத்தைப் பற்றி வெளிப்படையாகக் கேள்வி எழுப்பினார். ஆயினும் அவருக்கு ஒரு பிடிவாதம் இருந்தது. எல்லோரும் அடைமொழி ஏதுமில்லாத கனடியர் ஆகிவிட வேண்டும் என்பார். 'உக்ரேனியக் கனடியர்' என்று இடையில் கோடு போட்டு எழுதுவதை அவர் விரும்பவில்லை. தம் பெயரால் துன்புற்றவர் அப்படி நினைப்பது இயல்புதான். ஆனால் அவரே 1963ல் செனட்டுக்கு அனுப்பிய பால் யூசிக், 1964 மார்ச்சில் தம் கன்னிப் பேச்சில், கனடா பல பண்பாடுகளின் நாடு என்று வாதாடினார். 1971ல் பிரதம மந்திரி பியர் ட்ரூடோ அதையே அரசாங்கக் கொள்கையாக அறிவித்தார். இந்த வாதத்தில் என் மனம் யூசிக்கின் பக்கம்தான்.

ஜான் ஹ்னாட்டிஷின் அந்த அறிவிப்பைக் கேட்க இருக்கவில்லை. 1967ல், கனடா தன் நூற்றாண்டு விழாவைக் கொண்டாடிய ஆண்டில், அறுபது வயதில் காலமானார்.

மகன் ரமோனும் வக்கீல். தந்தை படித்த அதே பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர். ரே என்று எல்லோரும் அழைப்பார்கள். 1974ல் சஸ்கட்டூனிலிருந்து பார்லிமெண்டுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தந்தைக்குக் கிடைக்காத வெற்றி. 1986ல் நீதி மந்திரியானார். அங்கேதான் அவருக்குப் பெரிய சோதனை காத்திருந்தது. நாஜிப் போர்க் குற்றவாளிகள் கனடாவில் ஒளிந்திருக்கிறார்களா என்று ஆராய்ந்த நீதிபதி டெஷேனின் அறிக்கை, அவர் மேஜைக்கு வந்தது. குற்றவாளிகள் தண்டனை பெற வேண்டும் என்று யூத மக்கள் கேட்டது முற்றிலும் நியாயம். தங்கள் இனம் முழுவதற்கும் களங்கம் கற்பிக்கப்படுமோ, சோவியத் தரும் சாட்சியத்தை நம்பித் தங்கள் மக்களை அங்கே அனுப்பிவிடுவார்களோ என்று உக்ரேனியக் கனடியர் அஞ்சினர். அதற்கும் காரணம் இருந்தது. நீதி மந்திரியின் நாற்காலியில் ஓர் உக்ரேனியப் பெயர்! ஒருவர் 'நம்மவர்' என்று எதிர்பார்க்கிறார். மற்றவர் 'அவர்களவர்' என்று சந்தேகிக்கிறார். ரே கொண்டுவந்த சட்டம், வெளிநாட்டில் நடந்த போர்க் குற்றங்களைக் கனடாவின் நீதிமன்றத்திலேயே, கனடாவின் சாட்சியச் சட்டப்படி விசாரிக்க வழி செய்தது. அச்சட்டப்படி நடந்த முதல் வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர் ஒரு ஹங்கேரியர், 1990ல் விடுதலையானார். சட்டம் எதிர்பார்த்த பயனைத் தரவில்லை என்று குறை கூறுவோர் உண்டு. ஆனால், ஓர் இனத்தை முழுவதும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாமல் தனித்தனி மனிதரைச் சாட்சியம் கொண்டு விசாரிக்க வேண்டும் என்ற அந்த ஏற்பாடு, 1914ல் கனோராக்காரர்களுக்குக் கிடைக்காத ஒன்று.

1988 தேர்தலில் ரே தோற்றுப்போனார். தந்தையின் சொத்தில் ஒரு பங்கு மகனுக்கும் வந்தது போலும்! அதற்கு இரண்டு ஆண்டுக்குள், 1990 ஜனவரியில், அவர் கனடாவின் கவர்னர் ஜெனரலானார். 1917ல் எந்த மகுடத்தின் பெயரால் புக்கோவினாக்காரரின் வாக்கு பறிக்கப்பட்டதோ, அந்த மகுடத்தின் பிரதிநிதி ஒரு புக்கோவினாக்காரரின் மகன். அதற்கு முந்திய சில ஆண்டுகளாக ஒட்டாவாவிலுள்ள கவர்னர் ஜெனரல் மாளிகையின் தோட்டம் பொதுமக்களுக்கு மூடப்பட்டிருந்தது. அவர் வந்து கதவுகளைத் திறந்துவிடச் சொன்னார். 1995 வரையில் அப்பதவியில் இருந்து, 2002ல் காலமானார்.

முகாம்களில் அடைக்கப்பட்டவர்களின் துன்பத்தைக் கனடியப் பார்லிமெண்டு ஒரு சட்டத்தின் மூலம் ஒப்புக்கொண்டது 2005ல்தான். அதற்குள் அடைபட்டவர்களில் அநேகமாக எல்லோரும் மறைந்துவிட்டார்கள்.

கனோராவில் இப்போது ஓர் உயர்ந்த சிலை நிற்கிறது. உக்ரேனிய உடை அணிந்த பெண் ஒருத்தி, வருபவர்க்கு ரொட்டியும் உப்பும் ஏந்தி வரவேற்கிறாள். வின்னிப்பெக்கிலிருந்து வடகடற்கரையிலுள்ள சர்ச்சிலுக்குப் போகிற வண்டி அந்த ஸ்டேஷனில் நிற்கிறது.

உக்ரேன் 1991 டிசம்பர் 1ஆம் தேதி வாக்கெடுப்பு நடத்திச் சுதந்திரத்தை உறுதி செய்தது. மறுநாளே கனடா அதை ஏற்றுக்கொண்டது. 1992ல் கவர்னர் ஜெனரல் ரே ஹ்னாட்டிஷின் அரசாங்க விருந்தினராக அங்கே சென்றார். தந்தை கைக்குழந்தையாக விட்டுவந்த நாடு. அந்த நாட்டில் அவருடைய பெயரின் முதலெழுத்தை விழுங்கிச் சொல்ல வேண்டிய தேவை யாருக்கும் இல்லை.